கட்டில் பலகை

போரிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் இடக்கை இல்லாமல் திரும்பி வந்தபோது சாந்தோமில் தெரிந்தவர்கள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். முதலில் மடித்துக் குத்திய சட்டைக் கையைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தை. அதற்கப்புறம் அவன் வாசலுக்கே வரவில்லை. ஞாயிறு பூசைக்கும் அவன் மனைவி ஐரின் தனியாகத்தான் போய் வந்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர்.

1946 கோடையில் ஒரு சாயங்காலம் அவள் திரும்பியபோது வீட்டில் அவனைக் காணோம். பதறிப்போய்த் தெருமுனைக்கு ஓடினாள். முழங்கால்வரை சேறோடு எதிரே வந்தான்.

"படகு இன்னும் அங்கேயேதான் கிடக்கு" என்றான்.

போருக்கு முன் அவன் வேலை பார்த்த கம்பெனித் துரை, சீமைக்குத் திரும்பும்போது தன் சின்னப் பாய்மரப் படகை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அடையாற்று முகத்துவாரத்தில், சவுக்குத் தோப்பில், அது இத்தனை வருஷமும் கேட்பாரில்லாமல் மழையிலும் வெயிலிலும் கிடந்தது.

மறுநாள் இருவரும் போனார்கள். அவன் பேனாக்கத்தியால் முன்பக்கத்துப் பலகையை அழுத்தினான். ஊறின ரொட்டியில் இறங்குவதுபோல் கத்தி பிடிவரை இறங்கியது.

"மேலே பெயிண்ட் நல்லாத்தானே இருக்கு?"

"பெயிண்ட்தான் இருக்கு."

இத்துப்போனதைச் செதுக்கி எடுக்க வேண்டும். உளிக்கு ஒரு கை, அதை அடிக்கும் மரக் கொட்டாப்புளிக்கு ஒரு கை. ஐரின் உளியைப் பிடித்தாள், அவன் அடித்தான். பள்ளி விடுமுறை முழுக்க இதுவே வேலையாயிற்று. ஒரு பலகையை எடுத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் சட்டமும் கையோடு பொலபொலவென்று வந்தது.

ஒருநாள் அடி தவறி அவள் கட்டைவிரலில் விழுந்தது. "மாதாவே!" என்று அலறிவிட்டாள். அவன் கொட்டாப்புளியைத் தூக்கி ஆற்றில் எறிந்தான். "ஒரு உளியை அடிக்கக்கூட லாயக்கில்லாமப் போயிட்டேன்" என்று நடந்தவன், வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவள் எவ்வளவு சொல்லியும் தோப்புப் பக்கம் வரவில்லை. விறகுத்தொட்டி வைத்திருந்த குலாம் ரசூலிடம், படகை விறகுக்கு உடைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆளனுப்பினான்.

குலாம் ரசூல் கைவண்டியோடு வந்தபோது ஐரின் கட்டுப்போட்ட விரலோடு படகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, நீ இங்க கீறே? சார் ஒடச்சு எடுத்துக்கச் சொன்னாரே."

"நான் சொல்லலையே, பாய்."

அவர் தலையைச் சொறிந்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். "அவருகிட்ட நான் இன்னா சொல்றது?"

"நான் இங்க வேலை செஞ்சுகிட்டு இருக்கேன்னு சொல்லுங்க."

அவர் அப்படியே போய்ச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஸ்தனிஸ்லாஸ் வந்தான். கத்தப்போகிறான் என்று நினைத்தாள். அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"நல்ல மரத்தையும் சேர்த்துச் சுரண்டியிருக்கே."

"பக்கத்துல இருந்து சொல்ல ஆளில்லை."

அவள் கட்டைவிரல் கட்டைப் பார்த்து, "விரல் எப்படி இருக்கு?" என்றான்.

"வலிக்குது. உங்களுக்கு?"

"இல்லாத கைதான் வலிக்குது. விரலெல்லாம் மடங்கி இறுகிக்கிட்ட மாதிரி. பிரிக்க முடியலை." இத்தனை மாதத்தில் அவன் அதைச் சொன்னதே இல்லை. அவள் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவன் தோளில் கை வைத்தாள். அவன் அதைத் தட்டிவிடவில்லை.

மரத்துக்கு எங்கே போவது? யுத்தம் முடிந்தும் தேக்கு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

"நம்ம கட்டில் தேக்குதானே?" என்றாள் ஐரின்.

"உங்கப்பா உனக்குச் செஞ்சு கொடுத்தது!"

"எனக்குக் கொடுத்ததைத்தான் நான் தர்றேன்."

அன்றிலிருந்து பாயில் படுத்தார்கள். கட்டிலின் பக்கப் பலகையை ஈரச் சாக்கில் சுற்றி, கொதிக்கும் நீரை ஊற்றி ஊற்றி வளைத்தார்கள். முதல் பலகை பிளந்தது. ஐரின் அழுதே விட்டாள். இரண்டாவது பலகை முனகிக்கொண்டே வளைந்து கொடுத்தது. செம்பு ஆணி அடித்து, இடுக்கில் பஞ்சைத் திணித்து, நீர் புகாமலிருக்கக் குங்கிலியம் காய்ச்சிப் பூசினார்கள்.

தண்ணீரில் தள்ளியதும் படகு ஒழுகியது. ஐரின் சொம்பால் இறைத்துக் கொட்டினாள்.

"முழுகிடுமா?"

"மரம் ஊறட்டும். ஊறி உப்பினா தானே அடைச்சுக்கும்."

கரையோரம் கட்டிப்போட்டார்கள். தினமும் போய் இறைத்தார்கள். வரவர நீர் குறைந்தது. கடைசியில் ஒருநாள் சொம்புக்கு வேலையில்லை.

படகில் பாய் விரித்த அன்று சுக்கான் அவனிடம், பாய்க்கயிறு அவளிடம். நடு ஆற்றில் கடல்காற்று திடீரென்று அடிக்க, பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டாள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

"கயிறு! கயிற்றைப் பிடிடி!"

"அதட்டாதீங்க! நான் என்ன, என்கிட்ட படிக்கிற ஒன்பதாம் கிளாஸ் பொண்ணா?"

அவன் அவளைப் பார்த்தான். தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பில் சுக்கான் நழுவி, படகு கோணலாகத் திரும்பி மணல்திட்டில் தட்டி நின்றது. இருவரும் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிவிட்டு மறுபடி ஏறினார்கள். பாலம்வரை போய்த் திரும்பினார்கள். வரும் வழியில் காற்று ஓய்ந்துவிட்டது. கையாலேயே நீரைத் தள்ளிக் கரை சேர வேண்டியிருந்தது.

"துடுப்பு ஒண்ணு செய்யணும்" என்றான் அவன்.

"சரி" என்றபடி அவள் நனைந்த சேலையைப் பிழிந்தாள்.