அக்காவின் ஹெல்மெட்

வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்த நகத்தளவு சில்லைக் கொண்டுவந்து நீட்டி, "இதே கலர் வேணும்" என்பார்கள் பெயிண்ட் கடைக்கு வருகிறவர்கள். அவர் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நிற மாதிரிகள் அச்சிட்ட ஷேட் கார்டைப் புரட்டுவார். பிறகு மெஷினில் நம்பரைத் தட்டுவார். வெள்ளை பெயிண்ட் டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாகச் சாயம் விழும். மூடியை இறுக்கி, குலுக்கும் மெஷினில் வைத்து எடுத்தால் அச்சு அசலாக அதே நிறம். பதினான்கு வருடமாக அந்த பெயிண்ட் கடையில் இதுதான் அவர் வேலை. எல்லோருக்கும் அவர் 'கலர் மாஸ்டர்'. வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பார்த்தால்தான் தன் சொந்தப் பெயரே அவருக்கு ஞாபகம் வரும் என்று மனைவி கேலி செய்வாள்.

தினமும் நாலு மணிக்கு அரை மணி நேரம் அனுமதி கேட்டு, ஸ்கூட்டரில் போய் பள்ளியிலிருந்து மகனைக் கடைக்கு அழைத்து வருவார். சின்னவனுக்கு ஆறு வயது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மா வந்து கூட்டிப்போகும் வரை, காலி டப்பாக்களின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். பெரியவளுக்குப் பத்து வயது. வேறு பள்ளிக்கு மாறியதால் இந்த வருடத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் போகிறாள்.

அவள் போட்டுக்கொண்டிருந்த ஹெல்மெட் அவள் தலைக்குச் சிறிதாகிவிட்டது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதன் உள்ளுறையைக் கழற்றித் துவைத்துக் காயவைத்து, வாரை இழுத்துச் சரிசெய்து, சின்னவன் தலையில் மாட்டினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. பளீரென்ற ரோஸ் நிறம். பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்காது இப்போ என்னுது!" என்று வீடு முழுக்கச் சுற்றினான். சாப்பிட உட்கார்ந்தபோதும் கழற்ற மறுத்தான்.

கலர் மாஸ்டருக்கு மட்டும் என்னவோபோல் இருந்தது.

"ஆம்பளப் பிள்ளைக்குப் போய் இதையா?" என்று மனைவியின் காதருகே முணுமுணுத்தார்.

"அவனே சந்தோஷமா இருக்கான். உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அவள்.

மறுநாள் மாலை சின்னவன் அந்த ஹெல்மெட்டோடு அப்பாவின் பின்னால் கடைக்குள் நுழைந்தான். சரக்கு வண்டியிலிருந்து டப்பாக்களை இறக்கிக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மாஸ்டர், பையனக் கூட்டிட்டு வரப் போயி, யார் வீட்டுப் பொண்ணயோ கூட்டிட்டு வந்துட்டீங்க?"

கடையே சிரித்தது. கல்லாவில் இருந்த முதலாளியும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துப் புன்னகைத்தார். 'அவங்க அக்காவோடது, நல்லாருக்குல்ல?' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு போயிருக்கும். ஆனால் மகன் பக்கத்தில் நிற்பது அவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது. நாலு பேர் நடுவில் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

"ஆமாப்பா. அடுத்த வாரம் கவுன் மாட்டி, ரெட்ட ஜட பின்னிக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

சிரிப்பு இரண்டு மடங்கானது. என்னவென்று புரியாமல் சின்னவனும் முதலில் சிரித்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அதில் என்ன கண்டானோ, மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான். பட்டாம்பூச்சி தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி, டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தான்.

அடுத்த நாள் காலை தெருமுனை தாண்டியதும், "அப்பா, இது வேணாம்ப்பா" என்றான். கலர் மாஸ்டர் வண்டியை ஓரம் கட்டினார். மகனைச் சமாதானம் செய்ய வேண்டியவருக்கு, உண்மையில், நிம்மதியாக இருந்தது. "சரி, கழட்டு. இந்த வாரத்துல கருப்பு கலர்ல புதுசு ஒண்ணு வாங்கிடலாம். அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் ஓர் ஒப்பந்தம். அம்மா கண்ணெதிரே ஹெல்மெட் தலையில் ஏறும். தெருமுனை திரும்பியதும் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கும். 'இந்த வாரம்' என்றது மூன்று வாரமாகியும் கருப்பு ஹெல்மெட் வரவில்லை.

நாலாவது வாரம் ஒரு காலையில், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்தில் ஜல்லி சிதறிக் கிடந்தது. வேகம்கூட இல்லை. முன் சக்கரம் வழுக்கியது, வண்டி சாய்ந்தது. ஹெல்மெட் போட்டிருந்த அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சின்னவன் நடைபாதையின் கல் விளிம்பில் தலை மோத விழுந்தான். கொக்கியிலிருந்து கழன்ற ஹெல்மெட் சாலையில் உருண்டு போய் நின்றது.

ஓர் ஆட்டோக்காரர் இருவரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார். பையன் வழியெல்லாம் வாந்தி எடுத்தான். அவன் தலையில் அழுத்தியிருந்த கலர் மாஸ்டரின் கைக்குட்டை கனத்து நனைந்தது. ஆயிரம் நிறங்களைப் பார்த்த கண்களால் அந்தச் சிவப்பைப் பார்க்க முடியவில்லை.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் டாக்டரம்மா காயத்தைச் சுத்தம் செய்துகொண்டே கேட்டார். "குழந்தைக்கு ஹெல்மெட் போடலையா?"

"அது வந்து... அவசரத்துல மறந்துட்டேன், டாக்டர்."

அப்போதுதான் ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சார், உங்க வண்டிகிட்ட கிடந்துச்சு. எடுத்துட்டு வந்தேன்" என்று அந்த ரோஸ் ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். டாக்டரம்மா அதைப் பார்த்தார். பிறகு கலர் மாஸ்டரைப் பார்த்தார்.

"கையிலயே இருந்திருக்கே?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"அப்பா மறக்கல டாக்டர்" என்றான் சின்னவன், அப்பாவைக் காப்பாற்றுகிற குரலில். "அது பொண்ணுங்க ஹெல்மெட். நான் போட்டா எல்லாரும் சிரிப்பாங்க. அன்னிக்கு அப்பாவும் சிரிச்சாரு."

டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடக் கலர் மாஸ்டர் தாங்கியிருப்பார். டாக்டரம்மா திட்டவில்லை. "குழந்தையோட கையைப் பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார். ஏழு தையல். ஒவ்வொரு தையலுக்கும் அந்தச் சின்னக் கை அவர் விரல்களை நெரித்தது. அந்தக் கையைப் பிடிக்கத் தனக்கு அருகதை இருக்கிறதா என்று அவருக்குத் தோன்றியது.

ஸ்கேனில் உள்காயம் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மத்தியானம் மனைவி, மகளையும் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு பதறி ஓடி வந்தாள். நடந்ததை அவர் ஒளிக்காமல் சொன்னார், தெருமுனை ஒப்பந்தம் உட்பட.

அவள் கத்தவில்லை. நடைவழி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "வாங்கும்போதே சொன்னேனே. பொதுவா ஒரு கலர்ல எடுங்க, நாளைக்குச் சின்னவனுக்கும் ஆகும்னு. பொம்பளப் பிள்ளைன்னா ரோஸ்தான்னு பிடிவாதமா வாங்குனது நீங்க. இப்ப ஆம்பளப் பிள்ளைக்கு ஆகாதுன்னு கழட்டுனதும் நீங்க. நடுவுல அவன் என்னங்க பண்ணினான்?"

பெரியவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டாம்பூச்சியின் மேல் இருந்த தூசியைப் பாவாடை நுனியால் துடைத்தாள்.

"அப்பா, நான் இதப் போட்டுட்டு உங்க கடைக்கு எத்தன தடவ வந்திருக்கேன். அப்ப யாரும் சிரிக்கலையே?"

"நீ பொண்ணும்மா. அதனால..."

"தம்பி பொண்ணு மாதிரி தெரிஞ்சதுக்கா சிரிச்சாங்க?"

"ம்."

"பொண்ணா இருக்கறது அவ்வளவு கேவலமாப்பா?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. போகிறவர் வருகிறவர் பார்க்க, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். ஒரு தொப்பியளவு நிறத்தைத்தான் கேலி செய்தோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். பெற்ற மகளையே அல்லவா நாலு பேர் நடுவில் வைத்துச் சிரித்திருக்கிறார்!

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனார். எல்லோரும் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். 'ஜல்லியில வழுக்கிடுச்சு' என்று சொல்லி முடித்திருக்கலாம். அதுவும் பொய்யில்லைதான். ஆனால் அவர் முழுவதையும் சொன்னார். டிரைவரின் முகம் சுருங்கிப்போனது.

"மாஸ்டர், நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன். சத்தியமா இப்படி ஆகும்னு..."

"நீ சொன்னதும் தப்புதான்" என்றார் கலர் மாஸ்டர். "ஆனா நீ சொன்னத அவன் அன்னிக்கு ராத்திரியே மறந்திருப்பான். பெத்த அப்பன் சொன்னத மறக்கல. குழந்தைக்கு எந்தக் கலர் கேவலம்னு தானாத் தெரியாதுப்பா. நம்ம மூஞ்சியப் பாத்துதான் கத்துக்குது. எனக்கு இந்தக் கடையில இருக்கற அத்தன நம்பரும் மனப்பாடம். எது ஆணு, எது பொண்ணுன்னு ஒரு டப்பாவுலயும் எழுதல. அத நாமதான் எழுதுறோம். எழுதிட்டு, அக்கா பொருள தம்பி தொடக்கூடாது, அண்ணன் பொருள தங்கச்சி தொடக்கூடாதுன்னு நல்ல பொருளையும் வீணாக்கறோம், பிள்ளைங்க மனசையும் கெடுக்கறோம். இனிமே என் வீட்டுக்கு எது வாங்கினாலும் ரெண்டு பேருக்கும் ஆகற மாதிரிதான் வாங்குவேன். ஏற்கெனவே இருக்கறது எந்தக் கலரா இருந்தாலும், தலைக்குச் சரியா இருந்தா தலையில இருக்கும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு மாதம் கழித்துச் சின்னவன் மறுபடி ஸ்கூட்டரில் ஏறினான். காது மேல் முடி முளைக்காத ஒரு கோடு. கலர் மாஸ்டர் ரோஸ் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். பையன் வாங்கிக்கொண்டான். ஆனால் உடனே போட்டுக்கொள்ளவில்லை. முதலில் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அதில் சிரிப்பு ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாட்டிக்கொண்டான்.

மறுநாளும் அப்படித்தான் பார்த்தான். அதற்கடுத்த நாளும். தையல் பிரித்த காயம் ஆறிவிட்டது. மகன் தன் முகத்தைச் சோதித்துப் பார்க்கும் அந்த ஒரு நொடியில், தினமும் காலையில், கலர் மாஸ்டர் வெட்கித் தலைகுனிகிறார்.