பானாங் மலைக் கோழி

தீபாவளி லீவுக்காகச் சபா மாநிலத்துச் சண்டக்கானிலிருந்து பறந்து வந்த ஜீவன், செனாய் விமான நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்து, பத்து பாகாட் ஊரிலுள்ள வீட்டு வாசலில் பையை இறக்கியபோது, உள்ளே அம்மா அவன் புகழைப் பாடிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர் வைஃபை ரிப்பேர் செய்ய வந்த ஆள். பாவம், ஏணி மேல் நின்ற மனுஷனுக்கு இறங்கி ஓடவும் வழியில்லை.

"அந்தப் படத்துல நிக்கிறது யாருன்னு நெனைக்கிறீங்க? என் மவன். பெங்காகாப் ராஜா! சாரணர்ல அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது லா. அந்த வருஷம் இந்தப் பக்கத்துல தமிழ்ப் பையனுங்க ரெண்டே பேரு."

சுவரில் மாட்டியிருந்த படத்தில், சீருடையும் கழுத்துத் துணியுமாக ஒல்லியாய் ஒரு பையன் விறைத்து நின்றான். அம்மா வாசுகி இந்தக் கதையைச் சொல்லாத விருந்தாளி கிடையாது. சொல்லச் சொல்ல அது வளர்ந்துகொண்டும் வந்தது. முதலில் முகாமில் தூறல்தான் போட்டது. பிறகு அது மழையாகி, வெள்ளமும் ஆனது. கூடாரத்துக்குள் வந்த ஓணான் போன வருஷம் பாம்பாகி, இந்த வருஷம் மலைப்பாம்பாக நிற்கிறது. ஆனால் எத்தனை வளர்ந்தாலும் அந்தக் கதைக்குள் கோழி மட்டும் வராது. அதை ஜீவனும் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் சாரணரில் சேர்ந்தது இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்தில். முதல் கூட்டம் முடிந்து வந்த அன்றே வீட்டில் ரகளை. சாரணர்கள் கை குலுக்குவது இடது கையால். வீட்டுக்கு வந்திருந்த அப்பா காளிதாஸின் அண்ணனிடம், அதாவது தன் பெரியப்பாவிடம், பையன் கம்பீரமாக இடது கையை நீட்டினான். அம்மா பட்டென்று அதன் மேல் ஓர் அடி வைத்தாள்.

"அலமாக்! எந்தக் கைய நீட்டுற? இதுக்குத்தான் ஸ்கூலுக்கு அனுப்புறோமா?"

"இது நெஞ்சுக்குப் பக்கத்துல இருக்கிற கையாம்மா. சிக்கு சொன்னாரு." மலாயில் வாத்தியாரைச் சிக்கு என்பார்கள்.

"நெஞ்சுக்குப் பக்கத்துல இருந்தாலும் அது கழுவுற கைடா!"

அப்படி ஆரம்பித்தவள்தான், பிறகு அவனை விட மும்முரமாகிவிட்டாள். துணி ஃபேக்டரியில் நாளெல்லாம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, அவன் சட்டையில் ஒவ்வொரு சின்னத்தையும் கையாலேயே தைத்தாள். மெஷினில் தைத்தால் அவசரத்தில் தைத்த மாதிரி இருக்குமாம். கொடிக்கயிறு, அப்பாவின் லுங்கி, அவள் புடவை முந்தானை எதுவும் அவன் முடிச்சுப் பழகியதிலிருந்து தப்பவில்லை. வெண்கலக் கெரிஸ், வெள்ளிக் கெரிஸ், தங்கக் கெரிஸ் என்று குத்துவாள் சின்னங்களில் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தான். உச்சியில் இருந்தது பெங்காகாப் ராஜா, அதாவது ராஜா சாரணர் பட்டம்.

"பொறந்த நாள்லேருந்து ஒன்ன ராஜான்னுதானே கூப்பிடுறேன்," என்பாள் அம்மா. "அதுக்கு இவனுங்க எதுக்குடா பரீட்ச வெக்கிறானுங்க?"

கேலி பேசினாளே தவிர, அந்தப் பட்டத்துக்கு அவனை விட அவள்தான் அதிகம் ஆசைப்பட்டாள். அவள் படித்தது ஆறாம் வகுப்போடு சரி. காளிதாஸ் லாரி ஓட்டுகிறவர். அந்த வீட்டில் யாரும் மேடை ஏறியதில்லை.

கடைசிச் சோதனை முகாம் புரட்டாசியில் வந்து விழுந்தது. புரட்டாசி வந்தால் வாசுகியின் வீட்டில் கவுச்சி கிடையாது. மற்ற மாதங்களில் மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பில் கழுத்தும் ஈரலும் அவளுக்குத்தான், வேறு யாரும் கை வைக்க முடியாது. அந்த ஒரு மாதம் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு, நாள் எண்ணிக்கொண்டு இருப்பாள். ஜீவனோ வீட்டில் சாம்பாரும் பள்ளி கேண்டீனில் கோழிச் சோறுமாக ஒப்பேற்றிவிடுவான். அது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

அந்த வருஷம் மட்டும் விடவில்லை. பெருமாள் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"பெருமாளே, எம்புள்ளைக்கு ராஜா பட்டம் கெடைக்கணும். இந்த மாசம் முழுக்க நானும் அவனும் கவுச்சிய வாயில வெக்க மாட்டோம். இது சத்தியம்."

அவள் சூடத்தில் கையால் அடித்தாள். அவனும் அடித்தான். உள்ளங்கை சுட்டது. சூடத்தில் அடித்த சத்தியத்தை மீறினால் கேட்டது கிடைக்காது என்று மிரட்டியும் வைத்தாள்.

முகாம் ஊருக்குப் பக்கத்தில், பானாங் மலை அடிவாரத்தில். ஜீவனும், அம்மாவோடு ஃபேக்டரியில் வேலை செய்யும் டொரத்தியின் மகன் பிரையனும் ஒரே கூடாரம். வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள், மூங்கிலில் பாலம் கட்டினார்கள், உடையாத காலுக்கு உடைந்த காலுக்குரிய கட்டுப் போட்டார்கள். எல்லாம் நன்றாகப் போனது. கடைசி நாள் சனிக்கிழமை. சட்டி பானை இல்லாமல் சமைக்க வேண்டிய சோதனை அன்றைக்குத்தான். வழக்கமாக சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுப்பார்கள் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் கூடையில் வந்து இறங்கியது கோழி. புரட்டாசிச் சனிக்கிழமை, கோழி!

சமைப்பதில் அவனுக்குத் தயக்கமில்லை. தொடுவதைப் பற்றிச் சத்தியத்தில் பேச்சே இல்லையே. முஸ்லிம் பையன் ஒருவன் அறுத்துக் கொடுத்த கோழியை வாழையிலையில் சுற்றி, களிமண் பூசி, நெருப்புக்குள் புதைத்து எடுத்தான். அதற்குப் பிறகுதான் தேர்வாளர் சிக்கு அஸ்மான் விதியைச் சொன்னார். சமைத்தவன் முதல் வாய் சாப்பிட வேண்டும். அப்புறம்தான் அவர் ருசி பார்ப்பார். தன்னால் சாப்பிட முடியாததை அடுத்தவருக்குப் பரிமாறக்கூடாதாம்.

ஜீவன் காரணத்தைச் சொன்னான். சிக்கு அஸ்மான் நல்ல மனிதர். வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். உனக்கு ஒரு விதி, மற்றவனுக்கு ஒரு விதி என்று வைக்க முடியாது, இந்தப் பகுதியில் பூஜ்யம் வாங்கினால் மொத்தமும் போய்விடும், அடுத்த வருஷம் உனக்கு வயதும் தாண்டிவிடும் என்றார். கூடாரங்களைப் பிரித்து முடிக்கும் வரை யோசித்துக்கொள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"ஒரே ஒரு வாய்டா," பிரையன் கெஞ்சினான். "ஒங்க சாமிக்கு எப்படித் தெரியும்? இங்கதான் லைனே இல்லியே."

ஜீவன் சிரிக்கவில்லை. இலையைப் பிரித்து வைத்துக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தான். ஐந்து வருஷம் காத்திருந்தது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினால் அம்மாவின் சத்தியம் போகும், நீட்டாவிட்டால் அம்மாவின் ஆசை போகும். அந்த வயதில் அவனுக்கு அழுகைதான் வந்தது.

அப்போதுதான் டொரத்தியின் மைவி கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. காலையில் பிரையனுக்கு ஆஸ்துமா மருந்து கொடுக்க வந்த டொரத்தி கோழிக்கூடையைப் பார்த்துவிட்டு, ஃபேக்டரியில் டீ நேரத்தில் வாசுகியிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். கேட்ட மாத்திரத்தில் வாசுகி மெஷினை அப்படியே போட்டுவிட்டு அவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஃபேக்டரி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. தலையில் நூல் பிசிறு. காலையில் கோயிலில் வைத்த துளசியும் கூடவே இருந்தது. பிரையன் ஓடிப்போய் முதல் வாய் விதியை அவளிடம் ஒப்பித்தான்.

"சாப்பிட்டியா?"

"இல்லம்மா."

"ஏன்டா?"

"சூடத்துல அடிச்சிருக்கோம்ல."

"அத நான் பெருமாள்கிட்ட பேசிக்கிறேன். நீ சாப்பிடு."

"மீறினா கெடைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். சாப்பிடுடா!"

அவன் தலையை ஆட்டினான். பிடிவாதத்தில் அவளுக்குப் பிறந்தவன்தானே. திட்டினாள், கொஞ்சினாள், டொரத்தியை விட்டும் சொல்லிப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் கடைசிக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சிக்கு அஸ்மான் திரும்பி நடந்து வர ஆரம்பித்தார்.

வாசுகி சட்டென்று அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். இலையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினாள்.

"அம்மா!"

"இங்க பாரு. ரெண்டு பேரு சேந்து செஞ்ச சத்தியத்த மொதல்ல யாரு மீறுறாங்களோ, பாவம் அவங்க தலையில. நான் மீறிட்டேன். இனிமே சத்தியமே இல்ல, ஒனக்கு ஒரு தோஷமும் இல்ல. சாப்பிடு ராஜா."

இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் சொன்ன விதத்தில் பெருமாளே எதிரில் நின்றிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஜீவன் அழுதுகொண்டே ஒரு வாய் சாப்பிட்டான். சிக்கு அஸ்மானும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று டொரத்தி ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

பட்டம் கிடைத்தது. ஜொகூர் பாருவில் நடந்த விழாவுக்கு அம்மா பட்டுப்புடவையில் வந்தாள். மேடையில் பெரியவர் ஒருவர் இடது கையை நீட்ட, அவனும் இடது கையால் குலுக்கினான். கூட்டத்தில் முதலில் கைதட்டியது அவள்தான். அப்புறம் காட்டு வேலைக்குப் படித்தான், சபாவில் வனத்துறையில் சேர்ந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வீட்டுக்கு வருவதோடு சரி. அங்கே காட்டுக்குள் நெருப்பு மூட்டி உட்காரும்போதெல்லாம் அவனுக்கு அந்தப் புழுதியும் ஏப்ரனும் நினைவுக்கு வரும். பட்டத்தை விட, அந்தப் பகல்தான் தன் வாழ்நாளின் பெரிய சம்பாத்தியம் என்று தோன்றும்.

வந்த மறுநாள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஜீவன் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். இரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, மாத்திரை மட்டும் போதாது, ஈரல், கோழி, மீன் என்று நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். அம்மா எல்லாவற்றுக்கும் பலமாகத் தலையாட்டினாள்.

வருகிற வழியிலேயே அவன் மார்க்கெட்டில் கோழி வாங்கினான். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தானே அரைத்து, தாளித்து, குழம்பு வைத்தான். கழுத்தையும் ஈரலையும் தேடி எடுத்து அவள் தட்டில் போட்டான். அவள் தட்டை மெல்ல அப்பா பக்கம் தள்ளினாள்.

"எனக்கு வேணாம்பா. யூரிக் ஆசிட் இருக்கு. டாக்டர் கவுச்சி வேணாம்னுட்டாரு."

"எந்த டாக்டரும்மா? காலையில நானும்தானே கூட இருந்தேன்?"

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். காளிதாஸ் சாப்பாட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்.

"அவகிட்ட வம்பு பண்ணாத. அவ கவுச்சிய விட்டு வருஷக்கணக்காச்சு."

ஜீவன் கை அப்படியே நின்றது. எத்தனை தீபாவளி வந்து போயிருக்கிறான்! ஆட்டுக்கறி, கோழி, நண்டு என்று அவள் ஆக்கிப் போட்டதையெல்லாம் வழித்துத் தின்றுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். அவள் எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவள். அவள் தட்டில் என்ன இருந்தது என்று ஒரு நாளாவது பார்த்தோமா என்று யோசித்தான். ஒரு நாள்கூட இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"எப்பலேருந்தும்மா?"

"சாப்பிடுடா, ஆறிடும்."

"எப்பலேருந்து? சொல்லுங்க."

அவள் ரசச் சோற்றை ஒரு சுற்றுப் பிசைந்தாள்.

"பானாங் மலையிலேருந்துதான். சத்தியத்த மீறிட்டு சும்மா இருக்க முடியுமா? ஒனக்கு ஒண்ணும் நடக்கக்கூடாதுல்ல. நீ வேற இப்ப காட்டுல, பாம்பு யானைன்னு சுத்துற. ஒரு மாசத்த ஒடைச்சேன், எல்லா மாசத்தையும் குடுத்துடுறேன், எம்புள்ளைய ஒண்ணும் செய்யாதன்னு அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டேன்."

மீன் இல்லாமல் சோறு இறங்காதவள், ஈரலுக்குச் சண்டை போட்டவள், இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவன் காட்டிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்த ஒவ்வொரு நாளுக்கும் இங்கே ஒரு வேளைச் சோறு வெறுமையாக இறங்கியிருக்கிறது.

"அப்போ கடைசியா நீங்க சாப்பிட்டது..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஐயோ அம்மா, அது வெளிய கருகி, உள்ள வேகாம, ஒரே ரத்தமா இருந்துச்சும்மா. உப்புகூடப் போடல. அதையா?"

அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சிரித்தாள்.

"போடா. எம்புள்ள எனக்கு மொத மொதல்ல ஆக்கிப் போட்ட சோறு. நல்லாத்தான் இருந்துச்சு."