முந்நூறு புடவைகளும் ஒரு திரையும்

கடலூரில் ராபர்ட்டின் கேமரா கடையில் உட்கார்ந்திருந்த மணவாளனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. மேசைமேல் இரண்டு கேமராக்கள். ஒன்றில், எடுத்த படத்தை அப்போதே கணினித் திரைக்குக் கொண்டுபோகும் வயர் ஆடாமல் நிற்கும். ஆனால் சிதம்பரத்தில் அவருடைய ஸ்டுடியோவிலிருக்கும் லென்ஸ் ஒன்றும் அதில் சேராது. மற்றதில் லென்ஸ் சேரும். ஆனால் படத்தைத் திரையில் காட்டும் சாப்ட்வேருக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும், பழைய கணினி அதைத் தாங்குமா என்பதும் சந்தேகம். ராபர்ட் இரண்டாம் முறை விளக்கியபோது மணவாளன் இன்னும் வேகமாகத் தலையாட்டினார்.

பக்கத்திலிருந்த அவர் மனைவி எழிலரசியின் குழப்பம் வேறு. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் முந்நூறு புடவைகளைப் படமெடுக்கக் கூப்பிட்டிருந்தார். எடுக்க எடுக்கப் பெரிய திரையில் தெரிய வேண்டும், எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன் என்பது அவர் நிபந்தனை. இந்த வேலை கிடைத்தால்தான் ஸ்டுடியோ பிழைக்கும். ஆனால் ஒரு வருடமாக மணவாளன் எடுக்கும் படங்கள் கலங்கலாக வந்துகொண்டிருந்தன. ஆல்பம் செய்வது எழிலரசி. பத்துக்கு நாலை அவருக்குத் தெரியாமல் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கணினியில் தேற்றிக் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கண் டாக்டரிடம் போகலாமென்று சொல்ல வாயெடுத்த நாளெல்லாம், அவர் முகத்தைப் பார்த்ததும் கத்தரிக்காய் விலையைப் பேசிவிடுவாள். இனி அவள் கைபடும் முன்பே படம் ஊரார் கண்ணில் பட்டுவிடும்.

கேமராவே போக்கஸ் பார்த்துக்கொள்ளும் என்றார் ராபர்ட். மணவாளன் கேட்கவில்லை, லென்ஸைக் கையால் திருப்பியே பழகியவர். எழிலரசியின் புடவைக் கரையை ஒரு கேமராவில் அவர் எடுத்தார், மற்றதில் ராபர்ட் எடுத்தார். இரண்டு படங்களும் திரையில் பக்கம் பக்கமாக நின்றன. ராபர்ட் டீ சொல்ல வெளியே போனதும் மணவாளன் குரலைத் தாழ்த்தினார்.

"எழிலு, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. எது நல்லாருக்கு, சொல்லு."

இத்தனை வருடத்தில் அவர் இப்படிக் கேட்டதில்லை. அவளுக்குப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நீங்க எடுத்தது கலங்கலா இருக்குங்க. ரொம்ப நாளாவே அப்படித்தான் வருது."

"கேமராவாலயா?"

"இல்லைங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்கு இடிக்கும் அளவுக்குத் திரையை நெருங்கினார். புடவையின் சிவப்பு அவர் கன்னத்தில் பரவியது.

"அவரு எடுத்ததுல ஜரிகை தெரியுதா உனக்கு?"

"இழை இழையா தெரியுதுங்க."

அவர் விரலை நீட்டினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் அது நின்றது. எழிலரசி அந்த விரலைப் பிடித்து, திரையில் தெரிந்த ஜரிகை இழை ஒன்றின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள்.