பஞ்சு மாதிரி ஒரு பேட்

1

இந்தக் கதை விளம்பரத் துண்டாகத்தான் பிறந்தது. மறைக்க விரும்பவில்லை. விளையாட்டுச் சாமான் விற்கும் நண்பர் ஒருவர், புதிதாக வந்திருக்கும் எடை குறைந்த கிரிக்கெட் பேட் கிளப் ஆட்டக்காரர்களுக்கு எப்படி உதவும் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். நானும் மும்முரமாக உட்கார்ந்து, 'வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிறு மட்டும் ஆடுகிறவர்களின் தோளுக்கு இது வரப்பிரசாதம்' என்று ஆரம்பித்தேன். அதோடு நின்றிருக்கலாம். அந்தத் தோள் யாருடையது என்று யோசித்துத் தொலைத்தேன்.

2

லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் வந்து நின்றார். நாற்பது தாண்டியவர். எப்போதும் முதல் ஆளாக இறங்கி ஆடுவதால் கிளப்பில் அவருக்கு ஓப்பனர் என்றே பெயர். மனைவியின் கைப்பேசியில்கூட அந்தப் பெயர்தான். அவரை இப்படி அறிமுகப்படுத்தப் பார்த்தேன்:

'ஓப்பனரின் வலது கை

வேண்டாம். (கையில் தொடங்கினால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவரே கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று, உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?)

ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு வருஷமாக அவர் பேட்டைச் சுழற்றி முடிப்பதற்குள் பந்து கீப்பரிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் பேட் கனம் என்றார். பொய்யில்லை, அப்படித்தான் நம்பினார். ஸ்பேனர் நழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்தபோது கையில் எண்ணெய் என்றார். சட்டைப் பொத்தான் போட நேரமானபோது தையல்காரரைத் திட்டினார். சாக்குக்கு மட்டும் மனிதனுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

வீட்டிலும் பேட்டைத்தான் கரித்துக்கொட்டினார். மனைவி கேட்டுக் கேட்டுச் சலித்து, கிளப் கேப்டனான தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், இருப்பதிலேயே எடை குறைந்ததை வாங்கி வந்துவிட்டாள்.

3

இது விளம்பரப் பகுதி. கதை மட்டும் வேண்டுவோர் தாண்டிப் போகலாம்.*

இந்த பேட்டில் அடிக்கும் இடத்தில் மரத்தைத் தடிமனாக விட்டிருக்கிறார்கள். நன்றாக உலர்த்தியிருப்பதால் அத்தனை தடிமனிலும் எடை ஏறவில்லை. சீக்கிரம் சுழலும். கண் தாமதமாகப் பார்த்த பந்தைக்கூடக் கை எட்டிவிடும். ஓரத்தில் பட்டாலே பவுண்டரிக்கு ஓடும். உலர்ந்த மரம் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும் என்பது ஒன்றுதான் குறை.

* தாண்டிப் போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த பகுதிக்கு வர மனமில்லாமல் நானே இங்கே வேண்டுமென்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

4

கிளப்பில் ஒரு வழக்கம். யார் புது பேட் கொண்டுவந்தாலும் அது எல்லார் கைக்கும் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். கீப்பர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். சுழல்பந்து போடும் வக்கீல், இதை வைத்துக் காது குடையலாம் என்றார். கேப்டன் ஒற்றைக் கையால் வீசிப் பார்த்தான்.

"அத்தான், பஞ்சு மாதிரி இருக்கு. இனிமே நீங்க சாக்கே சொல்ல முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் பேட் ஓப்பனரிடம் வந்தது. கனமாக இருந்தது.

பழைய பேட் எவ்வளவு கனமோ அவ்வளவு கனம். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார். பேட்தான் கனம் என்பது ஒரு வருஷமாக அவர் பற்றிக்கொண்டிருந்த ஒரே பிடி. அதை எல்லாரும் சேர்ந்து, அன்பாக, பிடுங்கிவிட்டார்கள்.

(சுளுக்கு என்று எழுதிவிட்டால் என்ன? எழுதியும் பார்த்தேன். ஆனால் கட்டை விரலுக்குப் பக்கத்தில் சதை குழிந்துபோயிருப்பதைப் பார்த்துவிட்டேன். பார்த்ததைப் பார்க்காததுபோல எழுத எனக்கு வரவில்லை.)

5

அந்த வாரமே தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அடுத்து இடது கை, அப்புறம் கால் என்றார். குணமாக்க மருந்தில்லை என்றும் சொன்னார். பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப் படிப்பீர்கள், அவரும் அதைத்தான் செய்தார்.

புது பேட்டை அப்படியே ஆட்டத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. மரச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டித் தட்டி அதன் முகத்தை இறுக்க வேண்டும். பால்கனியில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். சுத்தியல் நழுவியது. வியர்வை என்றார். மறுபடி நழுவியது. மனைவி சுத்தியலை வாங்கிக்கொண்டாள். அதன்பின் தினமும் சாயங்காலம் அவள்தான் தட்டினாள், சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டுக் கேட்டு. சரியாக வருகிறது என்பதைத் தவிர அவரால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

6

ஞாயிறு. முடிவுக்கு வந்தாக வேண்டும்.

முதலில் எழுதியது: பேட் கைநழுவிப் பறக்கிறது, எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. மலிவாக இருந்தது, அடித்துவிட்டேன்.

அடுத்தது: முதல் பந்திலேயே அவுட். தலை குனிந்து திரும்பி வரும் வழியில் அவர்

இதை முடிக்க முடியவில்லை.

நடந்தது இரண்டையும்விட மோசம். பேட் அருமையாக வேலை செய்தது. அவர் சும்மா நீட்டியதுதான், பந்து ஓரத்தில் பட்டு பவுண்டரிக்கு ஓடியது. அடுத்ததும் ஓடியது. அதற்கடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று கேப்டன் முதுகில் தட்டினான். விளம்பரத்தில் நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை, நண்பரே.

ஆட்டம் முடிந்து மைதானத்துக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில், மனைவி பேட்டை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஜிப்பை இழுக்காமல் நிமிர்ந்தாள்.

"பேட்தானங்க காரணம்? நான் என்னென்னமோ நினைச்சு பயந்துட்டேன். சொல்லுங்க, பேட்தான?"

'ஆமா' என்று எழுதினேன். அவளுக்கு வந்த சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் அடித்துவிட்டேன். 'இல்ல' என்று எழுதினேன். அதற்குமேல் ஒரு வரி ஓடவில்லை. அவள் இன்னும் கேட்டபடி நிற்கிறாள். அவர் வாயைத் திறக்கிறார். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் சரி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.