மிளகு டப்பாவில் இருந்த வாக்கியம்

எங்கள் அலுவலகத்தில் மனிதர்களுக்குள் இருக்கும் பழைய வாக்கியங்களைத் திருத்தித் தருகிறோம். ஆளைத் திறந்தால் உள்ளே வீடு இருக்கும். வீட்டுக்குள் அறை, அறைக்குள் அலமாரி, அலமாரியில் டப்பா, டப்பாவுக்குள் வாக்கியம். அதை மட்டும் எடுத்து, ஓடும் பட்டையில் வைப்பது என் வேலை. சுவரிலுள்ள துளை வழியாக அது அடுத்த அறைக்குப் போகும். அங்கே அல்போன்ஸ் திருத்துவார். திரும்பி வந்ததும் எடுத்த இடத்திலேயே வைத்து ஆளை மூட வேண்டும். வேறு எதையும் தொடக் கூடாது. பதினெட்டு வருடங்களில் என் வலது தோள் இறங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் கோமதிவடிவு என்ற அம்மாள் வந்தார். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். நான்கு மாதம் முன்பு கணவர் இறந்திருந்தார்.

"அவுக கடைசியா சொன்னத மாத்தணும் சார்."

"என்ன சொன்னார்?"

"'ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போ'ன்னு கத்துனாக. நானும் போயிட்டேன். திரும்பி வந்தா, அவுக இல்ல."

"வார்த்தைய மாத்த முடியாதும்மா. சத்தத்தக் கொறைக்கலாம்."

"கொறச்சாப் போதும்."

திறந்தேன். சமையலறை, மூன்றாவது தட்டு, மிளகு டப்பா. வாக்கியம் இன்னும் சூடாக இருந்தது. இடம் எழுதிய சீட்டைக் கட்டிப் பட்டையில் வைத்தேன். அதற்கு முன்னால் ஒரு லாரி டிரைவரின் வாக்கியம் போய்க்கொண்டிருந்தது. அவரும் திறந்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றரைக்கு இரண்டும் ஒன்றாகத் திரும்பின. சீட்டுகள் இல்லை. அவை வேறு பட்டையில் ஏறிவிட்டன, வியாழக்கிழமைதான் வரும் என்று அல்போன்ஸ் துளை வழியாகச் சொன்னார். இரண்டையும் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தத்தை அதிகமாகவே குறைத்திருந்தார். மூச்சு போலத்தான் கேட்டது.

"உங்களுது எதும்மா?"

"அவுக என்ன சொன்னாக சார்?"

வெளியே எடுத்த பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. நானும் சொல்லக் கூடாது, விதி அப்படி. டப்பா காலியாக இருந்தால் ஆளை மூட முடியாது. ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும்.

அவர் இரண்டையும் கையில் வாங்கினார். ஒன்றை இந்தக் காதில், இன்னொன்றை அந்தக் காதில். மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். வெகுநேரம் ஆயிற்று. டிரைவர் கொட்டாவி விட்டார்.

"இது" என்றார் கடைசியில். "பேசறதுக்கு முன்னாடி லேசா இருமுது. அவுகளுக்கு இருமல் உண்டு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தேன். மற்றதை டிரைவருக்குள் வைத்து மூடி அனுப்பினேன். சத்தம் குறைந்த வாக்கியம் எள்ளளவாகச் சுருங்கியிருந்தது. வெளியிலிருந்து விரலால் பிடித்து வைக்க முடியவில்லை. அதனால் அந்த அம்மாளுக்குள் நானே இறங்கிப் போய் டப்பாவில் போட்டேன். ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

சமையலறைத் தரை சில்லென்று இருந்தது. தோளைச் சாய்க்கலாம் என்று படுத்தேன். ஐந்து மணிக்கு அல்போன்ஸ் வந்து, நான் உள்ளே இருப்பது தெரியாமல் அந்த அம்மாளை மூடிவிட்டு, என் மேசை விளக்கையும் அணைத்துவிட்டுப் போனார்.

பேருந்து நல்ல கூட்டம். அந்த அம்மாள் ஒரு டிக்கெட்தான் எடுத்தார்.