ரெட்டைக் கோடு

விடியுமுன்பே சலவைக்கூடத்தில் உச்சிவெயில் அடிக்கும், கொதிகலன் உபயம். ஈரப் படுக்கை விரிப்புகளை உதறி நீராவி பிரஸ்ஸில் விரித்துக்கொண்டிருந்தாள் சின்னவள். போன மாதம் அவள் கூட்டாளியின் கை வெந்தது இதே பிரஸ்ஸில்தான். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பியை, வேகம் குறைகிறதென்று முதலாளி கழற்றச் சொல்லியிருந்தார். வெந்த கைக்கு அவர் அருளிய மருந்து, "கவனம் தேவை" என்று சுவரில் ஓர் அட்டை.

கம்பி மாட்டும்வரை வேலையில்லை என்று எல்லாரும் பேசி வைத்திருந்தார்கள். ஒரு கூடம் மட்டும் நின்றால் மூட்டைகளை ஊர்க்கோடியிலுள்ள அவருடைய இன்னொரு கூடத்துக்கு அனுப்பிவிடுவார். ஹோட்டல் மூட்டை மலையாக இறங்கும் நாளில் இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும். அந்த நாள் எது என்பது அங்கே இஸ்திரி போடும் சின்னவளின் அக்காவுக்குத்தான் காலையில் தெரியும். போனில் சொல்ல வழியில்லை. 'நம்ம குடும்பம்' என்று வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதில் மேஸ்திரியை ஒட்டுக்கேட்க வைத்த மகான், இப்போது போன்களையே வாசல் பெட்டியில் பூட்டிவிட்டார்.

"சட்டைக் கையில ரெட்டைக் கோடு விழுந்திருந்தா நிறுத்திடுங்கடி" என்று அக்கா வீட்டில் சொல்லியிருந்தாள். கையில் ஒரே மடிப்புக் கோடுதான் விழ வேண்டும். இரண்டு விழுந்தால் இஸ்திரிக்காரிக்கு மானக்கேடு.

முதலாளி தினமும் அந்தக் கூடத்தில் அக்கா தேய்த்த சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே இங்கே வருவார். வந்தார்.

"என்னம்மா, அட்டையப் படிச்சியா?"

"படிச்சேங்க. வெந்த கைக்கும் படிச்சுக் காட்டினோம். ஆறலை."

"வாய் நீளுது. எனக்குத் தெரியாம இங்க ஒரு ஈ பறக்க முடியாது, தெரிஞ்சுக்கோ."

விரலை ஆட்டக் கையைத் தூக்கினார். வெள்ளைச் சட்டைக் கையில் தண்டவாளம்போல இரண்டு கோடுகள்.

சின்னவள் பிரஸ்ஸை அணைத்தாள். அடுத்தவள் அணைத்தாள். கூடம் அடங்கியது. முதலாளி போனை எடுத்து அந்தக் கூடத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார். அங்கேயும் வேலை நின்றுபோச்சு என்ற புலம்பல்தான் கேட்டது.

"யாரு சேதி கொண்டாந்தது? இப்பவே தெரியணும்."

"நல்ல மனுஷருங்க" என்றாள் சின்னவள். "சட்டை கசங்காம கொண்டாந்தாரு."

"அத்தனை பேரையும் வெளிய தள்ளிடுவேன்."

"தள்ளுங்க. விரிப்பெல்லாம் ஈரமா இருக்கு. நீங்களே போட்டுப் பாருங்க, கவனமா."

முதலாளி தபால்காரனைப் பிடிக்கக் கிளம்பியவர்போலச் சட்டைக் கையை மடித்து ஏற்றிக்கொண்டு அவர்களின் சாப்பாட்டுப் பைகளைக் குடைய ஆரம்பித்தார்.

கம்பி இன்னும் வரவில்லை. கட்டுப்போட்ட கையோடு கூட்டாளி வந்து சின்னவளை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பிரஸ் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.