ஓணான் துரையின் குடை

எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்கு அடுத்த ஆணியில் தொங்கியவர் ஓணான் துரை. கோட்டு, தொப்பி, கையில் விரித்த குடை, பின்னால் சுருண்ட வால். அப்பா சோணைமுத்து விஸ்வநத்தத்தில் நடத்தும் சின்னப் பட்டாசு யூனிட்டின் புஸ்வாணப் பெட்டிக்கு அவர்தான் லேபிள். நான் தின்ற சோறு, போட்ட யூனிபார்ம், படித்த பாலிடெக்னிக் எல்லாம் துரை போட்டதுதான் என்று அம்மா சொல்லுவாள். மற்ற பிள்ளைகள் வேலியில் ஓணானைக் கண்டால் கல்லைத் தேடுவார்கள். நான் கும்பிடு போட்டுவிட்டுப் போவேன்.

துரை பிறந்தது எங்கள் வீட்டில் இல்லை. திருத்தங்கலில் சேசுராஜ் அண்ணாச்சி நடத்தும் விளையாட்டுச் சாமான் கம்பெனியில். ஒரு அட்டை, ஒரு தாயக்கட்டை, நாலு காய். கட்டையை உருட்டி உருட்டி துரையை வேலி மேலே ஏற்ற வேண்டும். கல் விழுகிற கட்டத்தில் போய் நின்றால் அவர் தொப்பி போய்விடும். தொப்பி இல்லாமல் துரை மேலே ஏற மாட்டார், அம்புட்டுக் கௌரவம். மதுரையிலிருந்து பாலக்காடு வரைக்கும் பிள்ளைகள் பைத்தியமாகத் திரிந்த விளையாட்டு அது.

அவர் எங்கள் பெட்டிக்கு வந்த கதையை அப்பா சொல்லாத நாள் கிடையாது. எங்கள் பக்கத்துப் பிரஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஷீட்டில் ஆர்டர் வேலையை அடுக்கிய பிறகு ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதை வெறும் வெள்ளையாக விட யாருக்கும் மனசு வராது. சொந்தமாகப் படம் வரைந்து லேபிள் போட வழியில்லாத சின்ன யூனிட்காரர்களுக்கு அந்த மிச்ச இடத்தில் ஏதாவது ஒன்றை அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பலருக்கு ரோஜாப்பூ கிடைத்தது, சிலருக்குக் கிளி. அப்பா லைசென்ஸ் வாங்கிய வருசம் சேசுராஜ் அண்ணாச்சியின் பிரஸ்ஸில் மிஷின்மேன் பெத்தணன் கைக்கு அகப்பட்டது ஓணான் துரை. அண்ணாச்சியும் அதையே அடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். பெட்டி வெட்ட வேறு அச்சு இல்லாததால் விளையாட்டுப் பெட்டியின் அளவிலேயே புஸ்வாணப் பெட்டியும் அமைந்தது. அதே பச்சை, அதே மஞ்சள் பார்டர்.

படித்து முடித்ததும் அதே கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே துரைக்கு மரியாதையே இல்லை. பரமபதம் வருசா வருசம் புது நிறத்தில் வந்தது. சீட்டுக்கட்டுக்குப் புது உறை வந்தது. துரைக்கு ஒரு புது அட்டைகூட இல்லை, பழைய அட்டையையும் அடிப்பதில்லை. யாராவது கேட்டால் அண்ணாச்சி "பாப்போம்" என்பார். நானும் பலவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். கேட்டதும் அவருக்கு மிஷின் பக்கம் ஏதோ அவசர வேலை வந்துவிடும். விற்கிற சரக்கை மூலையில் போட்டுவிட்டு விற்காததற்குச் சாம்பிராணி காட்டுகிற முதலாளியை அங்கேதான் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் வீட்டுத் துரையை இப்படி அவமானப்படுத்துகிறாரே என்று.

2006 பொங்கல் கழிந்ததும் அண்ணாச்சி எல்லாரையும் கூப்பிட்டார். பிள்ளைகள் செல்போனில் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள், பிளாஸ்டிக் பொம்மை வேறு லாரி லாரியாக வந்து இறங்குகிறது. முழுப்பரீட்சை லீவுக்கு ஆர்டர் வராவிட்டால் விளையாட்டு செக்சனை மூடிவிட்டு காலண்டர் மட்டும் அடிப்பதாக முடிவு என்றார். பெட்டி ஒட்டும் பெண்கள் பசைக் கையோடு அப்படியே நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் பட்டாசு மருந்து வேலைக்குப் பயந்து இங்கே வந்தவர்கள். பஞ்சம்மாள் அக்காவுக்கு இடது கை விரல்கள் மடங்காது, மருந்தில் வெந்தது. "திரும்ப அங்கனதான் போகணும் போல" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ஒட்ட உட்கார்ந்தாள்.

கடை கடையாக ஆர்டர் எடுக்க லைனுக்குப் போகும் காசிராஜன் அண்ணன் கேரளாவிலிருந்து திரும்பி வந்து பையை மேசை மேல் போட்டார். எந்தக் கடைக்குப் போனாலும் துரையைத்தான் கேட்கிறார்களாம். கிழிந்த அட்டையை டேப் போட்டு ஒட்டி இன்னும் விளையாடுகிறார்களாம். புதுசாக ஒன்று கொடுத்தால் இந்த செக்சனே தலை நிமிர்ந்துவிடும் என்று தலையில் அடித்துச் சொன்னார். அண்ணாச்சி "பாப்போம்" என்றார்.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு புஸ்வாணப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். குடோனில் தூசி படிந்து கிடந்த பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றையும் தேடி எடுத்தேன். இரண்டையும் அண்ணாச்சியின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நாக்பூர் வரைக்கும் இந்த முகத்தைப் பார்த்துத்தான் பட்டாசு வாங்குகிறார்கள், சொந்தக்காரரான உங்களுக்குத்தான் இதன் அருமை தெரியவில்லை என்றேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் கோபப்படவில்லை. இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல எது விளையாட்டு, எது வெடின்னு எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எப்படித் தாயி தெரியும்?" என்றார்.

நான் மேசையைப் பார்த்தேன். எனக்கே ஒரு நிமிசம் பிடிபடவில்லை. இத்தனை வருசமாக ஒரே பெட்டியை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

பிறகு அவரே சொன்னார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், விஷு சமயம், பாலக்காட்டில் ஒரு கடையில் அவர் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் இரண்டு பெட்டியையும் ஒரே அடுக்கில் வைத்திருக்கிறார். ஒரு பெண் வந்து எங்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளைக்கு விளையாட்டு என்று வாங்கிக்கொண்டு போனாளாம். அடுப்பங்கரையில் உட்கார்ந்து பிள்ளை திரியைப் பிய்த்துக்கொண்டிருந்ததாம். நல்லவேளை, கண்ணில் பட்டுவிட்டது. அண்ணாச்சி மற்ற கடைகளிலிருந்த துரை விளையாட்டை எல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த விளையாட்டை அவர் அடிக்கவில்லை.

"எங்க லேபிள மாத்தச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. படம் ஒங்களோடதுதான?"

"அப்பதான் நாக்பூர்க்காரன் ஒங்க அப்பாவுக்கு மொத ஆர்டர் குடுத்திருந்தான். அவனுக்குத் தமிழும் தெரியாது, கம்பெனி பேரும் தெரியாது. படம்தான் தெரியும். எனக்குப் பரமபதம் இருக்கு, சீட்டுக்கட்டு இருக்கு. சோணைமுத்துக்கு அந்த ஓணான் ஒண்ணுதான் தாயி."

யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அப்பா மறுநாளே லேபிளைக் கிழித்துப் போட்டுவிடுவார், ரோசக்காரர் என்றார். நானும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போதே சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். பஞ்சம்மாள் அக்காவின் கை கண்ணுக்குள் நின்றது. அதைவிட, ஒரு மனுசர் எங்களுக்காக இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார் என்பதை என் ஒருத்தி வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியாது.

அப்பா யூனிட்டிலிருந்து வந்து வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். அலுமினியப் பொடி முழங்கை வரை வெள்ளியாக மின்னும், லேசில் போகாது. நான் சொல்லி முடித்தேன். அவர் கழுவிய கையையே திரும்பவும் தேய்த்துக் கழுவினார். உள்ளே போய்ச் சுவரில் இருந்த துரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

காலையில் என்னை டிவிஎஸ்ஸில் பின்னால் ஏற்றிக்கொண்டு திருத்தங்கலுக்கு வந்தார். அண்ணாச்சி எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். என்னை ஒரு முறை முறைத்தார்.

"எம்புட்டு வருசமா சொல்லாம இருந்திருக்கீக அண்ணாச்சி," என்றார் அப்பா. "துரைய நீங்களே வச்சுக்கோங்க. நான் வேற படம் போட்டுக்கிடுதேன்."

அண்ணாச்சி நாக்பூர் டீலரைக் காட்டிப் பயமுறுத்தினார். படம் மாறினால் டூப்ளிகேட் என்று சரக்கைத் திருப்பிவிடுவான் என்றார். அதில் பொய் இல்லை. எங்கள் தொழிலில் லேபிளை மாற்றுகிறவன் கடையை மூடுகிறான் என்று அர்த்தம்.

"மொத ரெண்டு வருசம் படத்தப் பாத்து வாங்குனான். இப்ப புஸ்வாணத்தப் பாத்து வாங்குதான்," என்றார் அப்பா. அப்படிச் சொன்னாரே தவிர, அவர் கை வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. யூனிட்டை நம்பி ஊரில் எத்தனை வீட்டில் உலை கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியாதா.

வேறு என்ன படம் போடுவது என்று பேச்சு வந்தது. அண்ணாச்சியின் போட்டோவையே போட வேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். "என் மூஞ்சிக்கு நேரா திரியக் கொளுத்தவா?" என்று அண்ணாச்சி கேட்டார். பெத்தணன் மிஷினை நிறுத்திவிட்டே சிரித்தார்.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. துரையின் கையிலிருக்கும் குடையை மட்டும் அப்பாவுக்குக் கொடுத்துவிடலாம். அதே பச்சை, அதே மஞ்சள் பார்டர், நடுவில் பெரிய குடை. புஸ்வாணம் எரிந்து விரிவதும் குடை மாதிரித்தானே இருக்கும். டீலருக்கு நிறமும் குடையும் பழகியது, பழைய கம்பெனிதான் என்று தெரிந்துகொள்வான். விளையாட்டுப் பெட்டிக்கு நிறம், அளவு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். துரையின் கையில் இனிமேல் குடை இருக்காது. புது விளையாட்டே அதுதான், துரை தன் குடையைத் தேடிப் போகிறார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவருக்கு அவர் விட்டுக்கொடுப்பதும், அவருக்கு இவர் விட்டுக்கொடுப்பதும், ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்கிற கதைதான். கடைசியில் அண்ணாச்சி "பாப்போம்" என்றார். பழக்க தோசத்தில் வந்த வார்த்தை. உடனே "வரை தாயி" என்றார்.

வரைந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக எதையும் வரைந்ததில்லை. வேலி, கருவேலங்காடு, தீப்பெட்டி ஆபீஸ், சாத்தூர் ரயில் என்று துரை எங்கெங்கோ குடையைத் தேடிக்கொண்டு போனார். வழியெல்லாம் மழை. எங்கள் ஊரில் இல்லாத மழையை எல்லாம் அந்த அட்டையில் பெய்ய வைத்தேன்.

அச்சுக்குப் போகும் அன்று அப்பா லேபிள் ஆர்டரோடு வந்தார். தனி ஷீட் போட இப்போது அவருக்கு வசதி உண்டு. ஆனாலும் மிச்ச இடத்தில்தான் அடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பெத்தணன் துரையின் அட்டைகளை அடுக்கி, ஓரத்தில் குடை லேபிளைச் சேர்த்தார். முதல் ஷீட் ஈரத்தோடு வெளியே வந்தது.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையைக் கட்டம் கட்டமாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. அங்கே துரைக்குக் குடை கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்குக் கீழே ஒரு குடும்பம் நிற்கிறது. அப்பன், ஆத்தா, பை மாட்டிய ஒரு சின்னப் பெண். துரை தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு மழையில் நனைந்தபடி திரும்புகிறார். வாலைப் பார்த்தால் அவர் சந்தோசமாக இருப்பது தெரியும்.

"குடையத் திருப்பிக் கேக்கலயா?" என்றார் அண்ணாச்சி.

"கேக்க மாட்டாரு அண்ணாச்சி. எங்களுக்குத் தெரியும்."

அவர் ஷீட்டைப் பெத்தணன் கையில் கொடுத்தார். அப்பா மிஷினைப் பார்த்தபடி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டி ஒட்டும் பக்கமிருந்து, பசை காய்கிறது, அட்டை எங்கே என்று பஞ்சம்மாள் அக்கா கேட்டாள்.

அந்த லீவுக்கு ஆர்டர் வந்தது, செக்சன் மூடவில்லை. நாக்பூர் டீலர் மட்டும் ஆடி மாசம் போன் செய்து, முதலை எங்கே போனது என்று கேட்டார். இத்தனை வருசமும் அவர் துரையை முதலை என்றே நினைத்திருக்கிறார். முதலை ஊருக்குப் போயிருக்கிறது, குடையைக் கொடுத்துவிட்டுப் போனது என்று அப்பா என்னைச் சொல்லச் சொன்னார், அரைகுறை இந்தியில் சொன்னேன். சரி, குடையையே அனுப்புங்கள் என்று வழக்கமான லோடுக்கு ஆர்டர் சொன்னார் டீலர். போனை வைத்ததும் அப்பா என்னிடம் பழைய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதிலிருந்த துரையைக் கத்தரித்து எடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதலையை அண்ணாச்சி கையில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று சாப்பிடக்கூட உட்காராமல் திருத்தங்கலுக்குக் கிளம்பினார்.